என் பாரையும் அவ பாரையும்

யாரு, தேசம்மாவா? தேசம்மாவைத் தேடிக்கினு வந்தீங்களா சார்? சரிதான். வாங்க. அந்தக் கட்டில்ல குந்துங்க. நடுவுல குந்தாதீங்க, கயிறு தொய்ஞ்சி கெடக்குது, ஓரமா குந்துங்க. அவ பட்டறைக்குப் போயிருக்கா, வந்துருவா. போனை எடுத்துக்கினு போகல. தோ, ஜன்னல்ல கெடக்குது பாருங்க. நீங்க அடிச்சப்ப நான் பாத்துக்கினுதான் இருந்தேன். எடுக்கல. எனக்கு வந்த போனா அது?

இந்த வூட்ல எட்டியப்பன்னு ஒருத்தன் இருக்கான், கேள்விப்பட்டிருக்கீங்களா? நாந்தான் அது. தேசம்மா வூட்டுக்காரன். முன்னல்லாம் இந்தச் சுத்துவட்டாரத்துல வயல்ல எலி வுழுந்தா, "எட்டியப்பனைக் கூப்புடு"ம்பாங்க. இப்ப வரவன்லாம், "தேசம்மா அக்கா இருக்காங்களா?" அக்காவாம். மீசை நரைச்சவன்கூட அக்கான்றான்.

எந்தப் பக்கம் சார் உங்க நெலம்? அணைமேடா? அங்கல்லாம் களிமண்ணாச்சே. கதிரு வெட்டுதா? வெட்டும். மருந்து வெச்சீங்களா? வெச்சிருப்பீங்க. பிஸ்கோத்து மாதிரி ஒண்ணு விக்கிறான் கடையில. அத்த எலி தின்னுதோ இல்லியோ, உங்க வூட்டு நாய் தின்னிருக்கும். பாத்தீங்களா, தலைய ஆட்டுறீங்க. எனக்குத் தெரியும் சார். படிச்சவங்க மொதல்ல கடைக்குப் போவீங்க, அப்புறந்தான் எங்ககிட்ட வருவீங்க. வந்தும் என்னைக் கேக்க மாட்டீங்க.

அவளுக்கு இந்த வேலைய யாரு சொல்லிக் கொடுத்ததுன்னு நெனைக்கிறீங்க? அவங்கப்பன்னு சொல்லுவா. அவங்கப்பன் நல்லா எலி புடிப்பாரு, இல்லன்னு சொல்லல. ஆனா அவருகிட்ட இருந்தது இன்னா கடப்பாரை தெரியுமா? கொல்லையில காய்கறிச் செடி நடறதுக்குக் குழி எடுப்பாங்களே, அந்த மாதிரி. அத்த வெச்சிக்கினு எலி வளை தோண்டிக்கினு இருந்தாரு மனுசன். பாத்தாலே சிரிப்பு வரும். கல்யாணத்தன்னிக்கே நான் சிரிச்சேன். அவ அத்த இன்னிக்கு வரைக்கும் மறக்கல.

பாரைன்னா அது எங்கிட்ட இருந்தது சார். கடையில விக்கிறானே, நீல பெயின்ட் அடிச்சி, அத்த நான் பாரைன்னே சொல்ல மாட்டேன். காஞ்ச வரப்புல நாலு குத்து குத்துனா வில்லாட்டம் வளைஞ்சிக்கும். வாங்கறவனும் அப்பிடித்தான். பெயின்ட் உரிஞ்சிருக்குதான்னு பாக்கறான், இரும்ப பாக்க மாட்டான். தட்டிப் பாக்கணும் சார். கல்லுல தட்டுனா கணீர்னு சொல்லணும். தொப்புன்னு சொன்னா அது வேலிக்கு ஊனத்தான் லாயக்கு.

நான் இன்னா பண்ணேன்? பழைய இரும்புக் கடைக்குப் போயி லாரி ஆக்சில் ஒண்ணு தூக்கிக்கினு வந்தேன். தோள்லயே தூக்கிக்கினு வந்தேன். நாலு ரோட்டுப் பட்டறை ஆசாரி இருக்கான் இல்ல, கருணாகரன், அவன் பாத்துட்டு, "இன்னாய்யா இது? இத்த அடிச்சா நீ தூக்குவியா? லாரி ஸ்பிரிங் பட்டை ஒண்ணு எடுத்துக்கினு வா, கச்சிதமா அடிச்சித் தரேன்"ன்றான். பட்டறை வெச்சிருக்கறவன் பேசற பேச்சா அது? சம்மட்டி அடிக்க சோம்பேறித்தனம், வேற இன்னா. "அடிடா"ன்னேன். அடிச்சான். நானும் கூட நின்னு சம்மட்டி போட்டேன். நெஞ்சு ஒசரம் வந்துச்சி. கனம்னா கனம். நட்டு வெச்சா ரெண்டு ஆளு சேந்து புடுங்கணும். கனம் இருந்தாதான் சார் வேலை ஆவும். நம்ம கை தூக்கி வுட்டா போதும், மீதிய இரும்பு பாத்துக்கும். இத்த நான் ஊர்ல எல்லாருக்கும் சொல்லியிருக்கேன். கேட்டவன் எவனும் இல்ல.

எலி வளை எப்பிடி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? ஒரு வாசல்னு நெனச்சீங்களா? போவ ஒண்ணு, வர ஒண்ணு. அதில்லாம ஆபத்துன்னா ஓடறதுக்கு ஒண்ணு வெச்சிருக்கும். அத்த மேல மெல்லிசா மண்ணு மூடி வெச்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மத்த வாசலை அடைச்சிட்டு, ஓட்டைச் சட்டியில வைக்கோலைப் போட்டு கொளுத்தி, வாயால ஊதி உள்ள புகை வுடணும். அப்புறம் ஒருத்தரு தோண்டணும், ஒருத்தரு கைய உள்ள வுட்டுப் புடிக்கணும். நான் தோண்டுவேன். அவ கைய வுடுவா. அப்பிடித்தான் நடந்துச்சி இத்தினி வருசமா.

போன வருசம் தை மாசம். வைரமேடுன்னு ஒரு ஊரு, அங்க ஒருத்தரு நெலம். வரப்பு காஞ்சி கெடக்குது, சிமெண்டாட்டம். மத்தவன்னா திரும்பி வந்திருப்பான். நான் போட்டேன். ஒவ்வொரு போடுக்கும் பானை அகலத்துக்கு மண்ணு பேந்துக்கினு வருது. நெலத்துக்காரரு நிக்கறாரு, "வரப்பு பூராவும் போவுதே எட்டியப்பா"ன்றாரு. போனா கட்டிக்க வேண்டியதுதானே? எலி வேணுமா வரப்பு வேணுமா? நான் அந்த மாதிரி பேச்சுக்கெல்லாம் நிக்கறதில்ல.

அவ உள்ள வலது கைய வுட்டிருந்தா. எலி கையில மாட்டிச்சின்னு நெனைக்கிறேன், எடுக்க லேட் பண்ணிட்டா. நான் கைய எடுன்னு சொன்னேன். சொல்லியிருப்பேன் சார். எப்பவும் சொல்றதுதானே. பாரை மேல போயிடுச்சி. மேல போன பாரைய நடுவுல நிறுத்த முடியுமா? அது இன்னா கடையில விக்கிற ஈர்க்குச்சி பாரையா, நெனச்ச எடத்துல நிறுத்த? எறங்கிடுச்சி.

ரெண்டு வெரலு.

அவ கத்தல. கைய வெளிய எடுத்தா, எலி இன்னும் அந்தக் கையிலதான் இருந்துச்சி. அத்த இன்னொரு கையால புடிச்சி சாக்குல போட்டா. அப்புறந்தான் முந்தானையச் சுத்துனா. என்னைத் திட்டுனாளான்னு கேளுங்க. திட்டல. என்னைப் பாக்கவேயில்ல. பாரையப் பாத்துக்கினு இருந்தா. அந்த இரும்பு இன்னா பண்ணும்? ஆஸ்பத்திரியில ஒரு வெரலை பாதிக்கு எடுத்துட்டாங்க. இன்னொண்ணு இருக்குது, ஆனா மடங்காது. நல்லா கவனிச்சாங்க, குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. நான் வார்டு வெளியிலயே குந்திக்கினு இருந்தேன். சோறு எறங்கல, ஆஸ்பத்திரி வாசனை எனக்கு ஆவறதில்ல.

வூட்டுக்கு வந்தா. கட்டு போட்ட கைய மடியில வெச்சிக்கினு தோ இந்த எடத்துலதான் குந்தியிருப்பா. பேச மாட்டா. நாந்தான் அடுப்பு பத்த வெச்சேன், சோறு ஆக்குனேன். "உப்பு சரியா இருக்குதா?"ன்னா தலைய ஆட்டுவா. ஒரு நாளு பாத்தா ஆள காணோம். எங்கடான்னு பாத்தா பட்டறையில இருக்கா! கட்டோட! ஸ்பிரிங் பட்டை துண்டு ஒண்ணு எங்கயோ பொறுக்கிக்கினு போயி, ஆசாரிகிட்ட கொடுத்து, "எனக்கு முழங்கை நீளத்துல ஒரு பாரை அடிச்சிக் கொடு. ஒரு பக்கம் உளியாட்டம் அகலமா, இன்னொரு பக்கம் கூரா. நடுவுல புடிக்க மரம் போட்டுக் கொடு"ன்றா.

கேட்டீங்களா? முழங்கை நீளம். பாரைக்கு! ஆசாரி சிரிச்சானா? சிரிக்கல. வெக்கங்கெட்டவன், அளவு எடுத்துக்கினு இருந்தான். நாந்தான் சிரிச்சேன். ரோட்ல போறவன்லாம் திரும்பிப் பாக்கற மாதிரி சிரிச்சேன். "இத்த வெச்சிக்கினு காது குடையப் போறியா?"ன்னேன். அவ பேசுனா. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் பேசுனா. "எடது கையால தூக்கணும் இல்ல"ன்னா. அவ்ளோதான்.

அதுவாவது ஒரே தடவையில ஒழுங்கா வந்துச்சா? இல்ல. மொத தடவை அவன் செவக்கக் காய்ச்சி தண்ணியில முக்கிட்டான். வரப்புல ஒரு கல்லு தட்டுச்சி, முனை பிஸ்கோத்தாட்டம் உடைஞ்சிடுச்சி. நான் சொன்னேன், "பாத்தியா"ன்னு. திருப்பி எடுத்துக்கினு போனா. ரெண்டாவது தடவை ரொம்ப எளகிடுச்சி, முனை மடங்கிக்கிச்சி. "பாத்தியா"ன்னேன். மறுபடி போனா. மூணாவது தடவை பக்கத்துலயே குந்திக்கினு முனைய மட்டும் காய்ச்சச் சொல்லி, எண்ணெயில முக்கச் சொல்லி, ஆற வெச்சி, கல்லுல தட்டித் தட்டிக் காதுல வெச்சிக் கேட்டாளாம். ஆசாரி சொல்றான், ஏதோ பெரிய அதிசயத்தப் பாத்தவனாட்டம். தட்டிக் கேக்கறது இன்னா பெரிய விசயம்? அத்த அவளுக்குச் சொன்னது யாரு? நான்!

அப்புறம் அவ பண்ண வேலையப் பாக்கணும் நீங்க. நிக்க மாட்டா. வரப்புல குந்திக்குவா. வரப்ப உடைக்கவே மாட்டா. மூடி வெச்சிருக்கற வாசலை மெல்ல வெரலால தடவித் தடவிக் கண்டுபுடிப்பா. அந்த வாசல்லயே குட்டிப் பாரையால பானை போற அளவுக்கு ஒரு குழி வெட்டுவா, கேக்கு வெட்டற மாதிரி. பானைய கழுத்து வரைக்கும் பொதைப்பா. ஒரு வாசலை வுட்டுட்டு மத்தத அடைச்சிட்டு, அந்த ஒண்ணு வழியா புகை வுடுவா. எலிங்க ஓடியாந்து ஒவ்வொண்ணா பானைக்குள்ள வுழும். இது புடிக்கிறதா சார்? அதுங்களா வந்து வுழுது, இவ மூடி போடறா. இதுக்கு ஊர்ல பேரு கெட்டிக்காரியாம். வரப்பு அப்பிடியே இருக்குதாம். அக்கா வந்தா நெலத்துக்கே வலிக்காதாம்! நெலத்துக்கு எங்கனா வலிக்குமா?

கூப்புட்டவன்லாம் அவளைத்தான் கூப்புட்டான். நானும் போவேன், வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது? என் பாரைய தோள்ல வெச்சிக்கினு பின்னால போவேன். சட்டிய நான் தூக்குவேன், பானைய நான் தூக்குவேன். தோள்ல பாரை வேற. அவ முன்னால கைய வீசிக்கினு போவா, இடுப்புல அந்தக் குட்டிய சொருவிக்கினு.

இந்த வருசந்தான் இருக்குது விசயம். பெருங்குழின்னு ஒரு ஊரு, ஏரிக்குக் கீழ. அங்க லோகநாத முதலியாருன்னு ஒரு பெரியவரு. அவரு நெலத்தை ஒட்டி ஏரிக் கால்வாய் போவுது. கதிரு அறுத்து அப்பிடியே தரையில போட்டிருந்தாங்க, மறுநாளு கட்டுக் கட்டி தூக்கணும். அந்தக் கால்வாய்க் கரையில எலி வளை. ஒண்ணு ரெண்டு இல்ல, கரை பூராவும் சல்லடையாட்டம். கால்வாய்ல தண்ணி போயிக்கினு இருக்குது.

இவ கரையில நடந்து பாத்துட்டு, "இந்தாண்ட தோண்டக் கூடாது. உள்ள பொள்ளலா, காலியா இருக்குது. தண்ணிய நிறுத்தச் சொல்லு, அப்புறம் பாக்கலாம்"ன்னா. முதலியாரும் ஆள அனுப்புனாரு மதகு மூட. அது எப்ப மூடறது, எப்ப தண்ணி வடியறது? சாயங்காலம் ஆயிடும். சொம்மா குந்தியிருக்கறதா? அவ அந்தாண்ட போயி வாசல் தேடிக்கினு இருந்தா. நான் பாத்தேன், தோ எதுக்க வளை, உள்ள எலி கத்தறது கேக்குது. என் பாரை கையில இருக்குது. ஒரே ஒரு போடு சார். ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன்.

பாரை உள்ள போயிடுச்சி. முழுசா. கையிலேர்ந்து உருவிக்கினு போயிடுச்சி. பின்னாலயே தண்ணி வந்துச்சி பாருங்க, மாடு முட்டறாப்புல! கரை ஆள் அகலத்துக்குப் பொளந்துக்கிச்சி. கீழ அறுத்த நெல்லு. முதலியாரு தலையில அடிச்சிக்கினு ஓடியாராரு. அந்த வூட்டு அம்மா வயல்ல எறங்கி கதிரை வாரி வாரி மேட்ல போடுது, அழுதுக்கினே. வருசம் பூரா பாடுபட்டது, அவங்களுக்கும் கஷ்டந்தான், இல்லன்னு சொல்லல.

தேசம்மா இன்னா பண்ணா தெரியுமா? ஓடியாந்து அந்த ஒடைப்புல முதுகைக் கொடுத்து குந்திட்டா. அப்பிடியே. கழுத்து வரைக்கும் தண்ணி அடிக்குது. "வைக்கோல் கொண்டா, சாக்கு கொண்டா"ன்னு கத்தறா. குந்திக்கினே பக்கத்துல இருக்கற புல்லுக் கரைய அந்தக் குட்டிப் பாரையால பாளம் பாளமா வெட்டி, ரெண்டு காலுக்கு நடுவுல வெச்சி மிதிச்சி மிதிச்சி அடைக்கறா. சின்னதாச்சே, அதனால ஒத்தக் கையால சுத்த முடியுது. கனமானதா இருந்தா முடியாது. அத்தப் பெரிசா சொல்லுவாங்க. யாரு வேணா குந்தி அடைக்கலாம் சார். தண்ணின்னா இன்னா, தண்ணிதானே.

நான் இன்னா பண்ணேன்னு கேக்கறீங்களா? என் பாரை உள்ள போயிடுச்சே! அத்த வுட்டுட்டு வர முடியுமா? நான் அந்தச் சேத்துல முழங்கை வரைக்கும் கைய வுட்டுத் தேடிக்கினு இருந்தேன். முதலியாரு என் சட்டையப் புடிச்சி இழுத்து அந்தாண்ட தள்ளுனாரு. "பொண்டாட்டி தண்ணியில நிக்கறா, இவன் இரும்பு தேடறான்"ன்னு எல்லாரும் பேசுனாங்க. பேசுவாங்க. அவன்லாம் ஆக்சில் இரும்பு எத்தினி தடவை பாத்திருக்கான்?

கரைய அடைச்சாச்சி. நெல்லு பாதிக்கு மேல தப்பிச்சிது. மறுநாளு நான் போயி, "என் பாரைய தோண்டி எடுத்துக்கறேங்க"ன்னேன். முதலியாரு கையெடுத்துக் கும்புட்டாரு என்னை. "ஐயா எட்டியப்பா, அந்தக் கரையில இனிமே நீ கால வெக்காதே. பாரை உள்ளயே கெடக்கட்டும்"ன்றாரு. கெடக்குது, இன்னிக்கும். நீங்க அந்தப் பக்கம் போனா பாருங்க சார், கரை அசையாம நிக்குது. எல்லாரும் தேசம்மா அடைச்ச கரைன்றாங்க. உள்ள எலும்பாட்டம் என் பாரை இருக்குதுன்னு ஒருத்தனும் சொல்லல.

அவளுக்கு அன்னிக்கு ராத்திரியே ஜொரம். நல்ல ஜொரம். வாய் கொழறுது. நான் பக்கத்துல குந்தி துணி நனைச்சிப் போட்டுக்கினு இருந்தேன். ஜொரத்துல கட்டில தடவித் தடவி எத்தையோ தேடறா. அந்தக் குட்டிப் பாரையத்தான் தேடறான்னு எடுத்துக் கையில வெச்சேன். தள்ளி வுட்டா. என் கைய புடிச்சிக்கினா. ஜொரத்துல ஆளுக்கு இன்னா தெரியும், எத்தப் புடிக்கறோம்னு தெரியாது.

அப்புறம் வேலை மாறிடுச்சி. பானைக்கு வராம உள்ளயே தங்கிடற எலிய எடுக்க, இப்ப அவ தோண்டறா, நான் கைய வுடறேன். அதுலயும் பாருங்க, தோண்டறதா அது? கோழி கிளர்ற மாதிரி. நான் உள்ள கைய வெச்சிருந்தா பாரைய கீழ போட்டுடுவா. தரையில. வெரலால மண்ண பறிப்பா. "ஏன், பாரைக்கு இன்னா வந்துச்சி? தோண்டு"ன்னா, "இரு, இரு"ன்றா. பயந்தாங்கொள்ளி. இப்பிடிப் பறிச்சா ஒரு வளைக்கே பொழுது சாஞ்சிடும். உங்க அணைமேட்டுக் களிமண்ணுல இன்னா பண்ணுவாளோ.

தோ வரா பாருங்க. புளியமரத்தாண்ட. இன்னா, ரெண்டு எடுத்துக்கினு வரா? முனை அடிக்க ஒண்ணுதானே எடுத்துக்கினு போனா.

ஏ தேசம்மா, தோ அணைமேட்லேர்ந்து சார் வந்திருக்காரு. ஆமா, தண்ணி கொடுத்தேன். கொடுக்கல சார், தோ தரேன், ஒரு நிமிசம். இன்னா அது, இன்னொண்ணு? யாருக்கு?

எனக்கா?

கொண்டா. இது இன்னா, கொஞ்சம் நீளமா வெச்சிருக்கான். ஆமா, நின்னுக்கினு தோண்டலாம். ஸ்பிரிங் பட்டையா? ம். தட்டிப் பாத்தியா? கணீர்னுதான் சொல்லுது. புடிய என் கைக்குப் போட்டிருக்கான், என் கை அளவு அவனுக்கு எப்பிடித் தெரியும்? நீ சொன்னியா? உனக்கு எப்பிடித் தெரியும்?

இன்னா சொல்றா கேட்டீங்களா சார்? நாளைக்கு உங்க நெலத்துல நான் தோண்டணுமாம். இவ கைய வுடுவாளாம், பழையபடி. "உனக்குத்தான் தோண்டறதுன்னா ஆசையாச்சே, தோண்டு"ன்றா. சிரிச்சிக்கினே சொல்றா.

வேணாம். புடி இத்த. நல்லா இல்ல. இது இன்னா பாரை? கனமே இல்ல. புடி வழுக்குது. முனை கோணலா இருக்குது. கோணல்தான், உனக்குத் தெரியாது. ஆசாரிக்கு இன்னா தெரியும், அவனும் ஒரு ஆசாரி! இத்த நான் தொட மாட்டேன் சார், என் கவுரவத்துக்கு ஆவாது. அவளே தோண்டட்டும். ஏய், சும்மா நீட்டாதே, கீழ வை. வைன்றேன் இல்ல.

நீங்க காலையில வண்டி அனுப்புங்க சார். நாங்க வரோம். அவ மெல்ல தோண்டட்டும், பொழுது சாஞ்சா சாயட்டும். நானே கைய வுடறேன். இன்னா ஆயிடும்? கடிச்சா எலிதானே கடிக்கும்.